அரசனுக்கு ஒளி தந்தது யார்?

வகுப்பிலே குறள் நடத்திக்கொண்டிருந்தோம். 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரம், 698ஆம் குறள். அரசர் எமக்கு இளையர், இன்ன முறையினர் என்று இகழாது, அவரிடம் நின்ற ஒளியோடு பொருந்த ஒழுகுக என்பது அதன் கருத்து. ஒளி என்பது யாது? உரையைப் புரட்டினோம். உறங்கும்போதும் உலகைக் காக்கின்ற கடவுள் தன்மை என்கிறார் பரிமேலழகர். மாணவன் ஒருவன் எழுந்தான்: “ஐயா, தூங்குகிறவர் எப்படிக் காப்பார்?”

வகுப்பு சிரித்தது. நமக்கோ சிந்தனை பிறந்தது.

பரிமேலழகரின் புலமையைப் பழிக்க நாம் வரவில்லை. சொல்லை நிறுத்துப் பொருள் காணும் திறன் அவருடையது. இவ்வுரைக்குச் சிந்தாமணியிலிருந்து சான்றும் தருகிறார். சிந்தாமணியின் ஒளி இருக்கட்டும். வள்ளுவரின் ஒளி எது?

வள்ளுவரையே கேட்போம். கொடை, அளி, செங்கோல், குடியோம்பல் நான்கும் உடையவனே வேந்தர்க்கு ஒளி என்கிறது 390ஆம் குறள். நான்கும் செயல்கள், ஒன்றேனும் வானத்திலிருந்து இறங்கியதன்று. செங்கோன்மை இல்லையேல் மன்னர்க்கு ஒளி நிலைக்காது என்கிறது 556. கடவுள் தந்த ஒளியானால், கோல் கோணியதும் அணைவானேன்? 971ஆம் குறளோ அரசனை விட்டு அனைவரிடமும் வருகிறது: ஒருவனுக்கு ஒளியாவது உள்ளத்தின் ஊக்கம். அரண்மனைக்கு மட்டும் உரிய பொருளா அது? உழவன் மகனுக்கும் உண்டு. உழைப்பாளி மகளுக்கும் உண்டு.

“அரசனை இறை என்றும் வள்ளுவர் சொன்னாரே” என்பர் சிலர். ஆம், 388இல் சொன்னார். யாரை? முறைசெய்து காப்பாற்றும் மன்னவனை. அங்கே பரிமேலழகரும், பிறப்பால் மனிதனே ஆயினும் செயலால் வேறாக வைக்கப்படுவான் என்றே விளக்குகிறார். அங்கே செயலுக்குத் தந்த சிறப்பை இங்கே உறக்கத்துக்குத் தந்தது ஏன்? உரையாசிரியர் உரையாசிரியரையே மறுக்கிறார். நாம் எடுத்துக்காட்டுகிறோம், அவ்வளவே.

ஆதலின் 698இன் ஒளிக்கு, முறையான ஆட்சியால் ஒருவன் ஈட்டிய மதிப்பு என்று பொருள் கொள்வதே வள்ளுவர் நெஞ்சுக்கு ஒத்தது என்போம்.

சொல்லாராய்ச்சிதானே, இதனால் ஆவதென்ன என்று எண்ணற்க. ஒளி பிறப்பால் வருவதென்றால், குடிமகனுக்குக் கைகூப்புவதன்றி வேலையில்லை. செயலால் வருவதென்றால், கேள்வி கேட்கும் உரிமை உண்டு. முடிகள் போயின; அரியணைகள் காட்சிக்கூடம் சேர்ந்தன. ஆனால், பதவியிலிருப்போர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையும் கை இன்னும் ஓயவில்லை.

அந்த மாணவனிடம் சொன்னோம்: “தூங்குகிறவர் காக்கமாட்டார், தம்பி. விழித்திருப்பவரே காப்பார். நீ விழித்திரு!”