கொல்லிமலை மருத்துவத் தாவர ஆய்வுகள்: பெயரும் பாலினமும்

முன்னுரை

மருத்துவ ஆய்விதழ்களில் பெண் ஆசிரியர்களின் பங்கு தொடர்ந்து கணக்கிடப்பட்டு வருகிறது. ஆறு முன்னணி மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, முதலாசிரியர்களுள் பெண்கள் 1994-இல் 27 விழுக்காடாகவும் 2014-இல் 37 விழுக்காடாகவும் இருந்தமையைக் காட்டியது. இவ்வகைக் கணக்கீடுகள் பெரும்பாலும் பெயரைக்கொண்டே பாலினத்தை அறிகின்றன. கொல்லிமலை சார்ந்த மருத்துவத் தாவரக் கட்டுரைகளை மதிப்பிட இம்முறை போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தலைப்பெழுத்தும் இயற்பெயரும்

தமிழர் பெயரில் தலைப்பெழுத்து தந்தையையோ கணவரையோ சுட்டும். இயற்பெயரே ஒருவரின் அடையாளம். ஆய்விதழ்கள் குடும்பப்பெயரைக் கேட்கும்போது தந்தை அல்லது கணவரின் பெயர் முழுமையாக முன்னிற்க, பெண்ணின் இயற்பெயர் ஓரெழுத்தாகச் சுருங்குகிறது. கணக்கெடுப்பில் அவர் ஆணாக எண்ணப்படவும் கூடும். மணத்திற்குப்பின் தலைப்பெழுத்து மாறினால், ஒருவரின் ஆய்வுகளே இருவருடையனவாகப் பிரிந்துவிடுகின்றன.

தகவலாளரின் நிலை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மருந்தறிவு பல கட்டுரைகளுக்கு மூலமாகியுள்ளது. இத்துறைக் கட்டுரைகளின் வழக்கமான அமைப்பில், தகவலாளர் அட்டவணை ஆண், பெண் எண்ணிக்கையைத் தரும், பெயரைத் தராது. ஆசிரியர் வரிசை பெயரைத் தரும், பாலினத்தைக் காட்டாது. அறிவைத் தந்த பெண் எண்ணாகவும், ஆய்வெழுதிய பெண் எழுத்தாகவும் எஞ்சுகின்றனர்.

பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு ஆசிரியர்க்குரிய தகுதிகளாக நான்கை வகுத்துள்ளது: ஆய்வுப் பங்களிப்பு, எழுதுதல் அல்லது திருத்துதல், இறுதி ஒப்புதல், பொறுப்பேற்றல். தகவல் தருவது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும், முதல் தகுதியை நிறைவுசெய்வோர்க்கு ஏனையவற்றிலும் பங்கேற்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. மூலிகையைக் காட்டி, பக்குவத்தையும் அளவையும் விளக்கும் பெண் தருவது தகவல் மட்டுமா, ஆய்வுப் பங்களிப்பா என்ற வினா எழுப்பப்படவேண்டும். ஆங்கிலக் கட்டுரை வரைவு அவருக்குத் தமிழில் படித்துக்காட்டப்படாதவரை அவ்வாய்ப்பு பெயரளவிலேயே நிற்கும்.

முடிவுரை

தகவலாளர் பெயரை மறைப்பது ஆய்வறம் எனலாம். நோயாளிக்கு அது காப்பு. தம் அறிவை வழங்குபவர்க்கு அது இழப்பாகவும் அமையலாம். எதை விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, இசைந்தால் பெயர் சுட்டுவதும், ஆசிரியரின் இயற்பெயரை முழுமையாக அச்சிடுவதும் இதழ்கள் உடனே மேற்கொள்ளத்தக்கவை. இவை நிகழ்ந்த பின்னரே விழுக்காட்டுக் கணக்கு நம்பத்தக்கதாகும்.