மீள்காட்சியும் சாட்சியமும்

1963ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி பிலடெல்பியா நகரில் ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையே அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. அதனை ஒளிபரப்பிய சீ.பி.எஸ். நிறுவனத்தின் நெறியாளர் ரோனி வேர்னா, தரைப்படை அணி புள்ளி பெற்ற காட்சியைச் சற்று நேரத்தில் இரண்டாம் முறையும் திரையில் இடம்பெறச் செய்தார். வேகம் குறைக்கப்படாத அக்காட்சி பார்வையாளரை மயக்கக்கூடும் என்பதனால், அவ்வணி மீண்டும் புள்ளி பெறவில்லையென வர்ணனையாளர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. நிகழ்வு வேறு, அதன் மீள்காட்சி வேறு என்பது அன்று வாய்விட்டுச் சொல்லப்பட்டது. அவ்வெச்சரிக்கை பின்னர் கைவிடப்பட்டமையே இக்கலையின் அடிப்படைக் குறைபாடு எனலாம்.

அன்று அரைத்தொன்னுக்கு மேற்பட்ட எடைகொண்ட நாடாப்பதிவு இயந்திரம் ஆற்றிய பணியை இன்று மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருள் ஆற்றுகின்றது. கமராக்கள் தரும் காட்சிகள் இடையறாது பதிவாகிக்கொண்டிருக்க, இயக்குபவர் ஒரு நிகழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, கோணத்தைத் தெரிந்து, வேகத்தை விதித்து, அதனை நேரடி ஒளிபரப்பிற் சேர்க்கின்றார். பெருநிறுவனங்களின் ஏகபோகமாயிருந்த இவ்வசதி பாடசாலை ஆட்டங்களை ஒளிபரப்புவோர்க்கும் எட்டியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் தொடக்கத்தைக் குறிப்பது வெறும் தொழில்நுட்பச் செயலன்று. ஒரு வீரர் மற்றொருவரைத் தள்ளிவீழ்த்தும் கணத்திலிருந்து காட்சி தொடங்கினால் அவர் குற்றவாளி. மூன்று விநாடி முன்னிருந்து தொடங்கினால் முதலிற் பிடித்திழுக்கப்பட்டவரும் அவரே என்பது புலனாகலாம். இரண்டும் பொய்யல்ல, ஆயினும் ஒன்றே ஒளிபரப்பாகும்.

மெதுவியக்கம் விளைவிக்கும் மயக்கம் இதனினும் பெரிது. மெதுவாகக் காட்டுவது கூடுதலாகக் காட்டுவதே எனப் பலரும் நம்புகின்றனர். விநாடிக்கு 50 படங்களைப் பதியும் கமராவின் காட்சியை நாலிலொரு பங்கு வேகத்தில் ஓட்டினால், விநாடிக்குப் பன்னிரண்டரைப் புதிய படங்களே கிடைக்கும். எஞ்சிய இடத்தை, முன்னைய படத்தைத் திரும்பக் காட்டியோ, இரு படங்களுக்கிடையே புதியதொன்றைக் கற்பித்தோ மென்பொருள் நிரப்புகின்றது. அக்கற்பிதப் படம் எந்தக் கமராவும் காணாதது! மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெற் பந்து, அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையில் ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர் கடந்துவிடும். துடுப்பை அது உரசிய கணம் அவ்விடைவெளியில் வீழ்ந்துவிடின், எத்தனை முறை ஓட்டினும் அக்கணம் தோன்றப்போவதில்லை.

1992 நவம்பரில் டேர்பனில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் இந்திய வீரர் சச்சின் டெண்டுல்கர், மூன்றாவது நடுவர் தொலைக்காட்சி மீள்காட்சியைப் பார்த்து வழங்கிய தீர்ப்பினால் ஆட்டமிழந்தார். அலங்காரமாயிருந்தது அன்று சாட்சியமாயிற்று. நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யுமாறு வீரர்கள் கோரும் முறை, 2008இல் இலங்கையில் நடைபெற்ற இந்திய அணியுடனான டெஸ்ட் தொடரிலேயே முதன்முதலிற் பரீட்சிக்கப்பட்டது. சாட்சியமாகியபின் அதற்கு விதிகளும் தேவைப்பட்டன. உதைபந்தாட்டத்தின் காணொளி உதவி நடுவர் விதிமுறை, பந்தோ உடலோ பட்ட இடத்தை அறிய மெதுவியக்கத்தையும், தாக்குதலின் கடுமையை மதிப்பிட இயல்பு வேகத்தையும் பயன்படுத்துமாறு பணிக்கின்றது. இது நுண்ணுணர்வு மிக்க வேறுபாடாகும். மெதுவாகக் காட்டப்படும் வன்செயல் கூடுதலாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டதாகத் தோன்றுகின்றதென 2016இல் வெளியான உளவியல் ஆய்வொன்றும் காட்டியுள்ளது.

நடுவரைக் கட்டுப்படுத்தும் இவ்விதி ஒளிபரப்பாளரைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதே இங்கு நோக்கற்பாலது. நடுவர் இயல்பு வேகத்திற் கண்டு தீர்ப்பளித்த மோதலை, பார்வையாளர் மெதுவியக்கத்தில் மும்முறை கண்டு அவரைப் பழிக்கின்றனர். சிறு ஒளிபரப்புகளில் இவ்வநீதி இன்னும் கூர்மையானது. பாடசாலை மைதானத்தில் நிற்கும் நடுவருக்கு மீள்காட்சியைப் பார்க்கும் வசதியே இல்லை. வீட்டிலிருப்போருக்கோ அது உண்டு. காணாத சாட்சியத்தின்பேரில் அவர் விசாரிக்கப்படுகின்றார்.

முதல் மீள்காட்சியை இயல்பு வேகத்திலேயே காட்டுவதும், மெதுவாக்கப்பட்டதாயின் அதன் வேகத்தைத் திரையின் மூலையில் எழுதுவதும் இயக்குபவருக்கு அரிய காரியங்களல்ல. வேகத்தை விதித்தவர் அவரே. அதனை எழுத்திற் காட்ட மேலும் ஒரு விசையே வேண்டும்.