பெட்டியிலிருந்து எடுக்கும் சிரிப்பு

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் ரசிகர்களிடம் 'யார் பெரிய ஆள்?' என்று கேட்டால் அடித்துக்கொள்வார்கள். ஜார்ஜ் கார்லினா, ரிச்சர்ட் ப்ரையரா என்று வாதம் விடிய விடியப் போகும். 'யார் மட்டம்?' என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று ஒரு பெயரில் வந்து நிற்பார்கள்: கேரட் டாப்.

இயற்பெயர் ஸ்காட் தாம்சன். 1965-ல் பிறந்த ஃப்ளோரிடாக்காரர், அப்பா நாசாவில் இன்ஜினியர். செம்பட்டைச் சுருட்டை முடி. மேடையில் பெரிய பெரிய டிரங்குப் பெட்டிகள். கையை உள்ளே விட்டு எதையாவது எடுப்பார், தூக்கிக் காட்டுவார், ஒரு வரி சொல்வார், வீசிவிட்டு அடுத்ததை எடுப்பார். அவ்வளவுதான் ஷோ. 2005-லிருந்து லாஸ் வேகஸ் லக்ஸர் ஹோட்டலில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் டிக்கெட் விற்றுக்கொண்டிருப்பவரை 'யாருக்கும் பிடிக்காத காமெடியன்' என்று எப்படிச் சொல்வது? யாருக்கோ பிடிக்கிறது. பிடிக்கிறவர்கள் கட்டுரை எழுதுவதில்லை, அதுதான் விஷயம்.

இந்த வகைக்கு 'ப்ராப் காமெடி' என்று பெயர். ப்ராப் என்பது 'ப்ராப்பர்ட்டி'யின் சுருக்கம். நம் நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் ப்ராப்பர்ட்டி என்று சொல்கிற அதே சாமான்தான். வெறும் மைக்கோடு நின்று பேசுகிறவன் அசல் கலைஞன், சாமான் கொண்டுவருகிறவன் குறுக்குவழிக்காரன் என்று ஒரு தரவரிசை அங்கே வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

சாமான் இல்லாதவர் யார்?

முதலில் அந்தத் தரவரிசையின் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்ப்போம். இன்றைய பேச்சு வகை ஸ்டாண்ட்-அப்பின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சொல்வது மோர்ட் சால் என்பவரை. 1953-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவின் 'ஹங்ரி ஐ' என்ற கிளப்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரசியல் பேச வந்தவர். அவர் கையில் என்ன இருந்தது? சுருட்டிய செய்தித்தாள். கடைசி வரை அதுதான் அவர் அடையாளம். ஜார்ஜ் பர்ன்ஸுக்குச் சுருட்டு, ஜாக் பென்னிக்கு வயலின். இவர்களை யாரும் ப்ராப் காமெடியன் என்று சொன்னதில்லை.

ஆக, சாமான் இருப்பது குற்றமில்லை. அந்தச் சாமானுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் ரசனை பிரிகிறது. நான் பார்த்த வரையில் நான்கு விதமான வேலைகள் தெரிகின்றன.

1. சாமானே ஜோக்

இது கேரட் டாப் வகை. இரண்டு பொருளை ஒட்டி மூன்றாவதாக ஒன்று செய்வது. புரிவதற்காக நானே ஒன்று கற்பனை செய்கிறேன்: ஹெல்மெட் கண்ணாடியில் வைப்பர், அந்த வைப்பரை ஓட்ட தாடையில் ஒரு கயிறு. 'மழையில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு' என்று ஒரு வரி. பார்த்த கணத்தில் புரிந்துவிடும், மூன்றாவது நொடியில் முடிந்துவிடும். இது கண்ணுக்கான சிலேடை.

இதன் மூதாதை ஹார்ப்போ மார்க்ஸ். 1932-ல் வந்த 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' படத்தில், மெழுகுவர்த்தியை இரண்டு பக்கமும் எரிக்க முடியாது என்று க்ரௌச்சோ புத்தி சொல்வார். ராத்திரி பகல் பாராமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு மரபுத்தொடர் உண்டு. ஹார்ப்போ பேசாமல் கோட்டுக்குள் கையை விட்டு, இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டுவார். இதைக் கிளாசிக் என்று கொண்டாடுகிறோம். கேரட் டாப் செய்வதும் இதே ரகம்தான். ஆனால் ஹார்ப்போவின் மெழுகுவர்த்தி ஒருவர் சொன்ன பேச்சுக்குப் பதிலாக வருகிறது. கேரட் டாப்பின் சாமான் யாருக்கும் பதில் இல்லை, வரிசையில் அடுத்தது, அவ்வளவே.

2. சாமானை உடைப்பது

லியோ கேலகர். கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டதாரி. 1980-லிருந்து ஷோடைம் சேனலில் வரிசையாக இவர் நிகழ்ச்சிகள் வந்தன. முத்திரை ஐட்டம் 'ஸ்லெட்ஜ்-ஓ-மேட்டிக்': ஒரு பெரிய மரச் சுத்தியலை வைத்துத் தர்பூசணியை ஓங்கி அடிப்பது. முன்வரிசைக்காரர்கள் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

திருஷ்டிப் பூசணிக்காய் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கொஞ்சம் கவனித்தால், பழம் உடைவதைவிட அதற்கு முந்தைய பேச்சுதான் நிகழ்ச்சி என்று தெரியும். அந்தக் காலத்து டிவியில் காய்கறி நறுக்கும் 'வெஜ்-ஓ-மேட்டிக்' கருவிக்கு ஓயாமல் விளம்பரம் வரும். அந்த விற்பனைக்காரரின் குழைவும் வேகமும் அப்படியே கேலகர் வாயில் வரும். வாங்குங்கள் வாங்குங்கள் என்று ஏற்றிவிட்டு, கடைசியில் அந்த அதிசயக் கருவி என்பது வெறும் சுத்தியல். நுகர்வுப் பண்பாட்டின் மேல் அடித்த அடி அது. விளம்பரம் ஜனங்களுக்கு மறந்துபோனது, பழம் மட்டும் மிஞ்சியது. பகடிக்கு ஆதாரமான விஷயம் மறைந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. கேலகரின் தம்பி ரான், அண்ணன் சம்மதத்தோடு அதே சுத்தியல் ஐட்டத்தை ஊர் ஊராகச் செய்ய ஆரம்பித்தார். முகச்சாயல் வேறு ஒன்று. யார் வருகிறார் என்றே ஜனங்களுக்குக் குழம்பும் அளவுக்குப் போனதும், 2000-ல் அண்ணன் வழக்குப் போட்டு, தம்பி தன்னைப் போல மேடையேறத் தடை வாங்கினார். ரிச்சர்ட் ப்ரையருக்கு இப்படி ஒரு வழக்கு வந்திருக்காது. அவர் வாழ்க்கையை வேறொருவர் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைக்க முடியாது, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போகலாம். ப்ராப் காமெடியைப் பழிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: ஆள் மாறினாலும் ஓடுகிற ஐட்டம், அந்த ஆளுடைய கலை ஆகுமா?

நியாயமான கேள்வி. ஆனால் இதே கேலகரின் கடைசிக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன்பாலின ஈர்ப்பாளர்கள் பற்றியும் வேறு இனத்தவர் பற்றியும் மட்டமான ஜோக்குகள் நிறைய வந்தன. 2011-ல் மார்க் மேரன் தன் பாட்காஸ்ட்டில் அதைப் பற்றிக் கேட்டபோது பாதியில் எழுந்து போய்விட்டார். அவரைக் கெடுத்தது தர்பூசணி இல்லை, பேச்சு. 'பேச்சு உயர்ந்தது, சாமான் தாழ்ந்தது' என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

3. சாமான் ஆளைத் தோற்கடிப்பது

பிரிட்டனின் டாமி கூப்பர். தலையில் சிவப்பு ஃபெஸ் தொப்பி, மேஜை நிறைய சாமான், செய்யும் மேஜிக் எல்லாம் சொதப்பல். நிஜத்தில் கைதேர்ந்த மேஜிக்காரர், மேஜிக் சர்க்கிள் உறுப்பினர். நன்றாகத் தெரிந்தவர்தான் அவ்வளவு நேர்த்தியாகச் சொதப்ப முடியும். மனிதனிடம் இயந்திரத்தனம் தெரியும்போது சிரிக்கிறோம் என்று பெர்க்சன் 1900-ல் எழுதினார். கூப்பரிடம் அது தலைகீழாக நடக்கிறது: ஜடப் பொருள்களுக்கு உயிர் வந்து, மனிதனுக்கு எதிராகக் கூட்டணி சேர்ந்துவிடுகின்றன.

1984 ஏப்ரல் 15 அன்று லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரில், டிவி நேரலையில், கூப்பர் மாரடைப்பில் திரைக்கு முன்னால் சரிந்து உட்கார்ந்தார். அரங்கம் சிரித்தது. இன்னொரு சொதப்பல் என்று நினைத்தார்கள். அந்தக் கூட்டத்தை இரக்கமில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். எதுவுமே கைக்கு அடங்காத ஒரு மனிதனைப் பல வருஷமாக அவர்தான் பழக்கியிருந்தார். உடம்பே கைவிட்டபோது அதையும் ஒரு சாமானாகத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது. சாமான் காமெடி எவ்வளவு ஆழம் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். அந்தக் கடைசி வீடியோவை அல்ல, அதற்கு முந்தையவற்றை.

4. சாமானை நம்புகிறவரைப் பார்த்துச் சிரிப்பது

ஸ்டீவ் மார்ட்டின். பையனாக இருந்தபோது டிஸ்னிலேண்ட் மேஜிக் கடையில் வேலை பார்த்தவர். 70-களில் வெள்ளை சூட், பேஞ்சோ, தலையைத் துளைத்துக்கொண்டு போகும் பிளாஸ்டிக் அம்பு. கடையில் விற்கிற மலிவான விளையாட்டுச் சாமான்தான் அந்த அம்பு. இது சிரிப்பு வரவழைக்கும் என்று முழு மனதாக நம்புகிற ஒரு ஷோக்காரராக அவர் நடிப்பார், நாம் அந்த நம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்போம். இதில் வேடிக்கை என்னவென்றால், அம்பைப் பார்த்தே சிரிக்கிறவர்களும் அதே அரங்கில் இருப்பார்கள். ஒரே அம்பு, இரண்டு ரசனை, ஒரே டிக்கெட். 1981 வாக்கில் அவர் ஸ்டாண்ட்-அப்பை விட்டே விலகிவிட்டார்.

எங்கே பிரிகிறது?

1997-ல் கோனன் ஓ'பிரையன் ஷோவில் ஒரு நடிகை, கேரட் டாப்போடு தான் நடிக்கும் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நார்ம் மெக்டொனால்ட். படத்தின் பெயர் 'சேர்மன் ஆஃப் த போர்டு' என்றதும், அந்தப் 'போர்டு' சலிப்பைக் குறிக்கும் 'போர்டு'தானே என்கிற மாதிரி எழுத்துக்கூட்டிச் சொன்னார் நார்ம். 'போர் அடிக்குது' என்கிறோமே, அந்த போர். அரங்கமே உருண்டது. காமெடி ரசிகர்கள் இன்றைக்கும் அந்த கிளிப்பைப் பகிர்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், அது ஒரு சாதாரண சிலேடை. கேரட் டாப் சாமானில் செய்வதை நார்ம் எழுத்தில் செய்தார். ஆனால் நார்ம் சொன்னது அந்த நொடியில் பிறந்தது. கேரட் டாப்புடையது பட்டறையில் பிறந்து, பெட்டியில் வந்தது.

என் கணிப்பில் பிரிவு இங்கேதான். பேச்சுக் காமெடியனும் ஒத்திகை பார்த்துத்தான் வருகிறார். ஒரே வரியை நூறு ஊரில் சொல்லிச் செதுக்கியிருப்பார். ஆனால் இப்போதுதான் தோன்றியது போலச் சொல்லி அதை மறைக்க முடியும். ப்ராப் காமெடியனால் மறைக்க முடியாது. மேடையில் நிற்கிற டிரங்குப் பெட்டியே முன்தயாரிப்புக்குச் சாட்சி. 'இவர் எனக்காக இப்போது யோசிக்கிறார்' என்ற மாயையை விரும்பி வருகிறவருக்கு அந்தப் பெட்டி எரிச்சல் தரும். 'எப்படிடா இதைச் செய்தான்!' என்று கைவேலையை ரசிக்கிறவருக்கு அதே பெட்டி சந்தோஷம்.

இரண்டாவது ரசனை மட்டமானது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிஇ முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தை வைத்து ராவிய யாருக்கும் தெரியும், இரண்டு இரும்புத் துண்டை இடைவெளி இல்லாமல் பொருத்துவதும் யோசனைதான். மூளை வேலை உசத்தி, கை வேலை மட்டம் என்ற பழைய நோய்க்கு நம்மிடமும் பஞ்சமில்லை. காமெடித் தரவரிசையிலும் அதன் வாடை அடிக்கிறது. டெமெட்ரி மார்ட்டின் மேடையில் பெரிய பேடில் படமும் கிராஃபும் காட்டி ஜோக் சொல்கிறார். அதுவும் சாமான்தான். ஆனால் அது காகிதம், கொஞ்சம் கணக்கு வாசனை அடிக்கிறது. 2003-ல் எடின்பரோவில் அவருக்குப் பெர்ரியர் விருது கிடைத்தது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டுகிறவருக்கு அந்த மரியாதை வருமா என்பது சந்தேகம்.

அதற்காகக் கேரட் டாப் பெரிய கலைஞர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் ஷோவில் எனக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பொறுமை இருப்பதில்லை. சாமான் எடுத்ததும் முடிந்துவிடுகிறது, மேடையில் அதற்கு எதுவும் நேர்வதில்லை. நியூசிலாந்துக்காரர் சாம் வில்ஸ் 'டேப் ஃபேஸ்' என்ற பெயரில் செய்வதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாயில் டேப், பேச்சே கிடையாது. இரண்டு அடுப்படிக் கையுறைகளை மாட்டிக்கொண்டு அவற்றை ஒரு காதல் டூயட் பாட வைப்பார். கடையில் வாங்கிய சாதாரணக் கையுறை, நம் கண் முன்னால் காதலர்களாகிறது. இங்கே பட்டறை மேடையிலேயே நடக்கிறது.

ஆகவே 'சாமான் இருக்கிறதா?' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. 'பெட்டியிலிருந்து எடுத்த பிறகு அதற்கு ஏதாவது நடக்கிறதா?' என்று கேளுங்கள். கூப்பருக்கு நடந்தது, டேப் ஃபேஸுக்கு நடக்கிறது. கேலகருக்கு, அந்த விளம்பரம் ஞாபகத்தில் இருந்தவரை நடந்தது. கேரட் டாப்புக்கு அநேகமாக நடப்பதில்லை. என் குறை அது மட்டும்தான். லக்ஸரில் உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டெமெட்ரி மார்ட்டினின் கிராஃப் ஜோக்குகளைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். அது பிறகு.