பல்கலைக்கழகமும் வக்ஃபும்: டோபி ஹஃபின் வாதம் குறித்துச் சில சிந்தனைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்த 1632ஆம் ஆண்டில்தான், பூமியின் இயக்கத்தை விவாதிக்கும் கலிலியோவின் 'உரையாடல்' ஃபுளோரன்சில் வெளிவந்தது. அப்பா அவர்கள் மறைந்த 1703இல் நியூட்டன் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஐரோப்பிய அறிவியல் புரட்சியின் உச்சகாலம் நம் ஆற்றங்கரை மேதை ஒருவரின் வாழ்நாளுக்குள் அடங்கிவிடுகிறது. அரபுக் கல்வியில் சிறந்திருந்த இக்கரையில் அத்தகைய மாற்றம் ஏன் நிகழவில்லை?

இவ்வகை வினாவுக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டோபி ஹஃப் 1993இல் வெளியிட்ட நூலில் விடை கூறினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் சட்டத்தால் ஏற்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு. மத்ரஸாவோ வக்ஃபு செய்தவரின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. இஜாஸாவை வழங்கியவர் ஆசிரியர், நிறுவனமன்று. ஆகவே சுதந்திர ஆய்வு அங்கு வேரூன்றியது, இங்கு வேரூன்றவில்லை என்பது அவர் வாதம்.

இவ்வாதம் முழுமையானதன்று. கலிலியோ 1610இல் பதுவா பல்கலைக்கழகத்தை விட்டு மெடிச்சி அரசவைக்குச் சென்றார். ராயல் சொசைட்டி 1660இல் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தோன்றியது. குருப்பட்டம் ஏற்காமல் தம் கல்லூரியில் நீடிக்க, கேம்பிரிட்ஜில் நியூட்டனுக்கே 1675இல் மன்னரின் விலக்கு தேவைப்பட்டது. மறுபுறம், 1259இல் தொடங்கிய மராகா வானாய்வகத்தை நஸீருத்தீன் தூஸி வக்ஃபு வருவாயைக் கொண்டே நடத்தினார். பதினான்காம் நூற்றாண்டில் இப்னுஷ் ஷாதிர் டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலின் முவக்கித், அதாவது தொழுகை நேரம் கணிப்பவர். அவர் வகுத்த சந்திர இயக்க மாதிரியும் கோப்பர்னிக்கஸ் 1543இல் தந்ததும் கணித அளவில் ஒன்றே.

இதைக் காட்டி, "எல்லாம் நம்மிடமிருந்து சென்றவையே" என மேடைகளில் பெருமை பேசுவதும் விடையாகாது. உலூக் பேக் 1449இல் கொல்லப்பட்டபின் சமர்கந்து வானாய்வகம் சிதைந்தது. 1577இல் எழுந்த இஸ்தான்புல் வானாய்வகம் 1580இல் இடிக்கப்பட்டது. புரவலர் மறைந்தால் அல்லது மனம் மாறினால் ஆய்வும் முடிந்தது. புரவலரின் ஆயுளைக் கடந்து நிற்கும் நிறுவனம் வேண்டும் என்ற அளவில் ஹஃப் கூறுவது சரியே.

இவ்வினா நமக்குப் பழங்கதையன்று. அப்பா அவர்களின் பெயர் தாங்கிய கல்லூரி 1971 முதல் பாளையங்கோட்டையில் இயங்குகிறது. அங்கே இயற்பியல் கற்பிக்கப்படுகிறது. மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் மத்ரஸாக்கள் ஃபிக்ஹு கற்பிக்கின்றன. ஆயினும் பிறை விவகாரத்தில் ஒரே ஊரில் இரு நாள்களில் பெருநாள் வருகிறது. கணக்கீடும் ஃபிக்ஹும் ஒரே அவையில் அமர்ந்து ஆராய வேண்டிய பொருள், இயக்கங்களின் கொடியாகிவிட்டது. ஒரு காலத்தில் பள்ளிவாசலே பேணிய கலை இது.

முவக்கித் பதவி ஒன்றை வக்ஃபு வருவாயில் மீண்டும் ஏற்படுத்த மார்க்கத்தில் எத்தடையும் இல்லை. இயற்பியலாளரும் ஆலிமும் பிறைதோறும் சேர்ந்து நோக்கி, கண்டதையும் காணாததையும் பதிந்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கட்டும். ஹஃபுக்கு நாம் தரத்தக்க மறுப்பு அதுவே.