வேணாட்டு உமையம்மை ராணி: வரலாறும் கதையும்

திறவுச்சொற்கள்: உமையம்மை ராணி, வேணாடு, ஆற்றிங்கல், நாஞ்சில் நாடு, முதலியார் ஓலைகள்

முன்னுரை

நாஞ்சில் நாட்டு வரலாற்றைப் பேசும் நூல்களில் வேணாட்டு உமையம்மை ராணிக்கு ஒதுக்கப்படும் பக்கங்கள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் ஒரே கதையையே சொல்கின்றன. 1677இல் ஆதித்தவர்மர் இறக்கிறார்; நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்பது கதை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் அரசியின் மைந்தர் அறுவருள் ஐவரைக் களிப்பான்குளத்தில் மூழ்கடித்துக் கொல்கின்றனர். எஞ்சிய ரவிவர்மருடன் அரசி நெடுமங்காட்டுக்குச் செல்கிறார். 1680 அளவில் முகிலன் என்னும் படைத்தலைவன் நாட்டுக்குள் புகுகிறான். வடக்கே மலபார்க் கோட்டயத்து அரச குடும்பத்திலிருந்து வந்த கேரளவர்மர், இரணியல் இளவரசராக ஏற்கப்பட்டுத் திருவட்டாற்றில் அவனை வெல்கிறார். 1684இல் ரவிவர்மர் ஆட்சிப் பொறுப்பை ஏற்க, அரசி ஏட்டிலிருந்து மறைகிறார்.

இக்கதையில் அரசி செய்வது மிகக் குறைவு. அவர் பிள்ளைகளை இழக்கிறார், இடம்பெயர்கிறார், உதவி கோருகிறார். செயல்கள் யாவும் ஆடவருடையவை. ஆனால் அக்காலத்தை ஒட்டிய சான்றுகள் காட்டும் பெண் வேறொருவர். இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான தொலைவும், அத்தொலைவு நாஞ்சில் நாட்டு ஆய்வுக்கு விளைத்த இழப்பும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கரமனை ஆற்றைக் கடந்தவர்

களிப்பான்குளக் கதை விரிவான அச்சு வடிவில் வழங்கத் தொடங்கியது பி. சங்குண்ணி மேனோன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றின் வழியாகவே. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உள்ளன. 1906இல் வெளிவந்த நாகமையாவின் திருவிதாங்கூர் அரசுக் கையேடு இவ்வரலாற்றுக்கு அரசின் ஏற்பைத் தந்தது. 1913இல் உள்ளூர் பரமேசுவர ஐயர் உமாகேரளம் என்னும் மலையாள மகாகாவியமாக அதனை இயற்றினார். மதிலகம் ஆவணங்களை ஆராய்ந்த பிற்கால அறிஞர் பலர் மூழ்கடிப்பு நிகழ்ச்சியை ஐயுற்றுள்ளனர். எனினும் பாடநூல்களிலும் தலவரலாறுகளிலும் குளம் வற்றவில்லை.

இதற்கு எதிர்நிற்கும் சான்று 1677ஆம் ஆண்டினது. மலபார்த் தாவரங்களைப் பற்றிய ஓர்த்தூஸ் மலபாரிக்கூஸ் பெருந்தொகுதியை உருவாக்கியவராகத் தமிழறிஞர்கள் அறிந்த வான் ரீடு, கொச்சியின் டச்சு அதிகாரியாகவும் இருந்தவர். தம் பதவியை விட்டு நீங்குகையில் அடுத்து வருபவருக்கென அவர் எழுதிய குறிப்பில் ஆற்றிங்கல் இளவரசி ஒருவர் இடம்பெறுகிறார். ஆற்றிங்கலை மட்டுமன்றித் திருவிதாங்கூரையும் ஆள்பவர். யாவரும் அஞ்சி மதிப்பவர். ஆற்றிங்கல் பெண்கள் கரமனை ஆற்றைக் கடந்து தெற்கே வரலாகாது என்ற மரபை மீறி வந்து, அரசரையே ஓடச் செய்தவர் என்று அவர் எழுதுகிறார். இவ்விளவரசியை உமையம்மை எனக் கொள்வதே வரலாற்றாளரிடையே பெருவழக்கு.

வான் ரீடின் குறிப்பையும் அப்படியே ஏற்றுவிட இயலாது. அவர் அரசியைக் கிரேக்கத் தொன்மத்தின் போர்மகளிரோடு ஒப்பிடுகிறார். அதுவும் ஒரு கதைச்சட்டகமே. வணிகக் கண்ணோட்டமும் அதில் கலந்துள்ளது. ஆயினும் ஒரு செய்தி உறுதிப்படுகிறது: மிளகு வணிகத்துக்காக யாரிடம் பேசவேண்டும் என்பதைக் கணிக்கும் பொறுப்பிலிருந்த அயலார் ஒருவர், ஆதித்தவர்மர் இறந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டில் அவ்வரசியை அதிகார மையமாகக் கண்டார். கரமனை ஆற்றைத் தெற்கு நோக்கிக் கடப்பது என்பது கல்குளத்தையும் இரணியலையும் நாஞ்சில் நாட்டையும் நோக்கி வருவதாகும். தென்பகுதி ஆய்வாளர்கள் இத்திசையைப் போதிய அளவு கருதவில்லை.

1684க்குப் பின்

கதை முடியும் ஆண்டில்தான் ஆங்கிலேய ஆவணங்களில் அரசி வலுவாகத் தோன்றுகிறார். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயக் கம்பெனிக்கு 1684இல் இடம் அளித்தவர் ஆற்றிங்கல் ராணி. கோட்டை 1695இல் எழுந்தது. 1697இல் அப்பண்டகசாலை தாக்குதலுக்கு உள்ளாகித் தப்பியது. 1698இல் உமையம்மை மறைகிறார். ரவிவர்மர் ஆட்சியேற்ற பின்னும் பதினான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவற்றுள் அயல்நாட்டாருடன் பேரம் நடத்தினார். கொடுத்த இசைவின் விளைவுகளையும் கண்டார். இளையவருக்காக இடைக்காலத்தில் ஆண்டவர் என்ற சொல்லாட்சி இவ்வாண்டுகளை விளக்கப் போதாது. மருமக்கள் வழியில் ஆற்றிங்கல் மூத்த ராணிக்குத் தனி நிலமும் தனி வருவாயும் உண்டு என்பதை அச்சொல் மறைக்கிறது.

ஆங்கிலேயரும் ஒரு கதையைப் புனைந்தனர். 1727இல் வெளியான அலெக்சாண்டர் ஆமில்டனின் பயணநூல், காணிக்கையுடன் அனுப்பப்பட்ட அழகிய ஆங்கில இளைஞன் மீது அரசி மையல் கொண்டதாகக் கூறுகிறது. நிகழ்ந்ததாகக் குறிக்கப்படும் ஆண்டு 1685. அச்சேறியது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. உள்நாட்டுக் கதை அரசியைத் தாயாக்கியது போலக் கடல்வணிகரின் கதை அவரைக் காமுகியாக்கியது. நில ஒப்புதல் என்ற அரசியல் முடிவு இரண்டிலும் இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் அதே காலத்தில் ஆண்ட ராணி மங்கம்மாளுக்கும் இது நேர்ந்தது. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்ட மங்கம்மாள், 1697இல் நரசப்பையா தலைமையில் வேணாட்டின் மீது படையனுப்பினார். அப்போது உமையம்மை உயிரோடிருந்தார். கணவாயின் இருபுறமும் இரு பெண்கள் அரசியல் நடத்திய இக்காலத்தை ஒருசேர நோக்கிய ஆய்வுகள் அரிது. மங்கம்மாளைப் பற்றியும் அவதூறும் பட்டினிச்சாவுமே கதைகளில் தங்கின. சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரைக் காத்தமையால் அவருக்கு ஈடு ஓரளவு கிடைத்தது.

பெண்ணின் பிற்கால வாழ்வைக் கதை கத்தரித்துவிடுவது இந்நிலத்துக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் ஆன் பேரரசு கி.மு. 33இல் சியோங்நு தலைவனுக்கு அளித்த வாங் சாவ்சுன், அங்கே வாழ்ந்து மக்களைப் பெற்று, கணவன் இறந்தபின் அவன் வழியினனையும் மணந்தார் என்பது வரலாற்றேடு தரும் செய்தி. யுவான் காலத்து நாடகமோ அவரை எல்லையாற்றில் குதித்து உயிர்விடச் செய்தது. இறந்த பெண் பேரரசின் கற்புக்குச் சான்றாகிறாள். வாழ்ந்த பெண் ஆசிரியருக்கு இடையூறாகிறாள்.

ஓலைகள் இருக்கும் திசை

கீரிப்பாறை மலைக்காட்டுக்குச் செல்லும் வழியில் உள்ளது அழகியபாண்டியபுரம். நாஞ்சில் நாட்டு நிருவாகத்தில் பெரும்பங்கு வகித்த பெரியவீட்டு முதலியார்களின் ஊர் அது. அவர்கள் காத்துவந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அரச ஆணைகள், வரிச் செய்திகள், நாட்டார் கூட்ட முடிவுகள், அடிமை விற்பனைச் சீட்டுகள் ஆகியன அவ்வோலைகளில் அடங்கும். இன்று ரப்பர் தோட்டங்களாலும் அருவியாலும் அறியப்படும் அம்மலையடிவாரத்தில், அரண்மனைக் கதைகளுக்கு மாற்றான சான்றுத்தொகுதி ஒன்று இருந்தது என்பது தற்செயலன்று. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நெல்வயல்களே வேணாட்டின் களஞ்சியம். கணக்கும் அங்கேதான் எழுதப்பட்டது.

உமையம்மை பற்றிய தமிழ்க் கட்டுரைகள் இவ்வோலைகளைத் தொடாமல் சங்குண்ணி மேனோனையும் நாகமையாவையும் மொழிபெயர்த்து அமைவதே வழக்கமாகிவிட்டது. கொல்லம் 852 முதல் 874 வரையிலான ஓலைகளை நாள்வரிசைப்படுத்தி, யார் பெயரில் ஆணை வந்தது, வரி யாருக்குச் சென்றது என்று பார்ப்பதே முதற்பணியாக இருத்தல் வேண்டும். முகிலன் வெல்லப்பட்டது எவ்வாறு என்ற கேள்வியை விட, அவன் இருந்த நாள்களில் உழவரிடம் வரி கேட்டவர் எவர் என்ற கேள்விக்கே அவை விடையளிக்கக்கூடும்.

இத்தேவையைக் கொல்லம் 871இல், அதாவது 1696இல், கேரளவர்மர் பெயரில் திருவிதாங்கோட்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டும் உணர்த்துகிறது. புலைப்பேடி, மண்ணாப்பேடி வழக்கங்களை ஒழித்த ஆணை என்று அது போற்றப்படுகிறது. மேற்சாதிப் பெண்களைச் சாதியிழப்பிலிருந்து காத்தது உண்மை. ஆனால் அதன் தண்டனை தாழ்த்தப்பட்ட சாதியார் மீதே இறங்குகிறது. வயிற்றிலுள்ள பிள்ளையையும் அது விடவில்லை. உமையம்மை அப்போது உயிரோடிருந்த மூத்த ராணி. கல்வெட்டில் கேரளவர்மரைச் சீர்திருத்த வீரராகக் காணும் நூல்கள் இவ்வரியையும் அவ்வரசியையும் ஒருசேரக் கடந்து செல்கின்றன. குளத்தில் இறந்ததாகச் சொல்லப்படும் ஐந்து சிறுவருக்குக் கிடைத்த பக்கங்களில் ஒன்றுகூட அந்தப் பிறவாப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.