எண்ணூர் கழிமுகமும் சில அடைப்புக்குறிகளும்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மூன்றையும் (1991, 2011, 2019) பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். சட்டம் படிச்சவன் இல்ல, நிரல் எழுதுறவன். அதனால ஒரு சட்டத்தைப் பார்த்தா "எதுக்கு விதி, எதுக்கு விதிவிலக்கு"ங்கற கண்ணோடதான் படிக்க வருது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுற எண்ணூரை மனசுல வெச்சுக்கிட்டுப் படிச்சேன்.

இந்தப் பிரதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒன்று உண்டு. அலை ஏறி இறங்கும் ஆறும் கழியும் கடலோடு சேர்ந்ததுதான் என்கிறது அது. ஆற்றுக்குள்ள எதுவரைக்கும்? 2011 அறிவிக்கைப்படி, வருஷத்தில் மிக வறண்ட காலத்தில் அளந்தால் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எங்கே இருக்கோ, அதுவரைக்கும். யார் போய் அளந்தாலும் சரிபார்க்கலாம். இவ்வளவு சுத்தமான வரையறை அரசாணைகளில் அபூர்வம்.

ஆனா அனுமதிப் பட்டியலுக்கு வந்தால் தொனி மாறிடுது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டக் கூடாது என்று 1991-லேயே தடை. அதே அறிவிக்கையில், கொஞ்சம் தள்ளி, அனல்மின் நிலையங்கள் அனுமதிக்குரியவை; அடைப்புக்குறிக்குள் "மட்டும்" போட்டு மூலப்பொருள் இறக்கும் வசதி, குளிர்விக்கத் தண்ணீர் எடுப்பது, வெளியேற்றுவது. கழியை மூடக் கூடாது, துறைமுகத்துக்குத் தவிர. மிகக் கறாரான முதல் மண்டலத்திலும் புதுக் கட்டுமானம் கூடாது, குழாய்களுக்கும் மின்தடங்களுக்கும் தவிர (2011). ஒவ்வொரு "தவிர"வையும் தனியாப் பார்த்தா நியாயமாத்தான் இருக்கு. துறைமுகத்தைத் தண்ணியில கட்டாம வேற எங்க கட்டுறது? சிக்கல் என்னன்னா, எல்லாத் "தவிர"வும் ஒரே கழியில வந்து சேர்ந்த ஊர் எண்ணூர். காமராசர் துறைமுகம், வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர், நிலக்கரி, சாம்பல் குழாய். பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லுது. இத்தனையும் சேர்ந்தபின் தண்ணீர் எப்படி இருக்கும்னு அந்தப் பட்டியல் கேட்பதே இல்ல.

இதைவிடப் பெரிய ஓட்டை வரைபடத்தில் இருக்கு. விதி எவ்வளவு கறாரா இருந்தாலும் அது ஓடுறது வரைபடத்து மேலதான். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்டத்தில் எண்ணூர் கழிமுகம் 6,469 ஏக்கர், பாதுகாக்கப்பட்ட பகுதி. 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்த 2009 வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இல்லை. செயற்பாட்டாளர்கள் அதை மோசடி வரைபடம் என்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில் கமல்ஹாசன் ட்விட்டரில் எழுதி, நேரிலும் வந்து பார்த்த பிறகுதான் தென்சென்னை இதைப் பேசியது. (நடிகர் வராம நம்ம ஆறு செய்தியில வராது, அது தனிக் கதை.) கழி இல்லாத படத்தில் கழியைக் காக்கும் விதி எதுவும் மீறப்படவில்லை! விதியைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

இதுக்கு எதிரா இன்னொரு அனுமதிப் பட்டியலை வெச்சுப் பார்க்கணும். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் மீனவர்களின் பாடு முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதுவும் நீர்ப் பயன்பாட்டு ஒழுங்குமுறைதான். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமாக் கிடையாது. எத்தனை பேர் இறங்கினால் தண்ணி தாங்கும் என்ற கணக்கோடுதான் அந்தப் பட்டியலே தொடங்குது. அறிவிக்கையில் நான் தேடினதும் அதைத்தான்.

2011-ல் ஆற்றங்கரையில் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019-ல் அந்த 100, 50 ஆனது. உப்பு அளவு மட்டும் மாறவில்லை, அதே 5 பங்கு. அடுத்த வரைபடம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது காட்டுக்குப்பம் பக்கம் அந்தக் கோடு எங்கே போகுதுன்னு பெரிதாக்கிப் பாருங்க.