சங்கு ஊதுகிறவனும் மூச்சடக்குகிறவனும்

கோயிலில் சங்கு, சாவு வீட்டில் சங்கு. மில்லில் ஷிஃப்ட் மாறினாலும் ‘சங்கு ஊதிட்டான்’தான். ‘அவனுக்குச் சங்குதான்’ என்றால் ஆள் காலி. ஓசையின் பிம்பமாகவே தமிழில் சங்கு கட்டமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கடலடியில் அது ஊமை. சதையை அழுகவிட்டு எடுத்து, நுனியை அறுத்த பிறகே ‘நாதம்’.

இந்த நாதத்துக்கு முந்தைய உழைப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் உழைப்பு. தூத்துக்குடி முத்துக்குளிப்பிலும் அப்படித்தான். தண்ணிக்குள்ள பேச முடியாது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் தோணியில் இருப்பவனுக்கு ‘தூக்கு’ என்று அர்த்தம். கை தவறினால் உயிர் போகும். 1961-க்குப் பின் அந்தக் குளிப்பு நின்றுபோயிற்று. மௌனம் பற்றி எழுதுகிற நம்மவர்கள் மௌனியிலிருந்து தொடங்குவார்கள். இந்தக் கயிற்றிலிருந்து தொடங்குவதாய்க் காணோம். உழைப்பவன் பேசாதிருந்தால் அது இயலாமை, எழுத்தாளன் பேசாதிருந்தால் தத்துவம். இதென்ன நியாயம்?

அதே ஊரில் 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி., சிவா இருவரின் மேடைப் பேச்சு வரலாற்றில் நிற்கிறது; நிற்கட்டும். மார்ச்சில் நிர்வாகத்தைக் கூலி உயர்வுக்குப் பணியவைத்ததில் ஓடாத கதிர்களின் சத்தமின்மைக்கும் பங்குண்டு.